இளவரசர் என்றால் அடுத்த அரசரா?

களுவாஞ்சிக்குடிப் பக்கம் உயர்தரத்தில் வரலாறு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது: “செய்தியில் முடிக்குரிய இளவரசர் என்கிறார்கள். பாடத்தில் யுவராஜா, உபராஜா என்று வருகிறது. கதைகளில் வெறும் இளவரசர். எல்லாம் ஒன்றா? அரசரின் மூத்த மகன்தானே எப்போதும் இளவரசர்? அப்படியென்றால் தாய்வழி பார்க்கும் எங்கள் மட்டக்களப்பில் அந்தக் காலத்தில் யார் அடுத்தவர்?”

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விதான் மூன்றிலும் பெரியது. ஆனால் மற்ற இரண்டையும் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

இளவரசர் என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் புழங்குகிறோம். அரச குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒரு விதத்தில் இளவரசர்கள்தான். பத்துப் பேர் பிறந்தால் பத்துப் பேரும் இளவரசர். மற்றது பட்டம். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கட்டுவார்கள். அரசர் உயிரோடு இருக்கும்போதே, சபையறிய, எனக்குப் பிறகு இவர் என்று கட்டுவது. யுவராஜா, உபராஜா, பட்டத்து இளவரசர், முடிக்குரிய இளவரசர் எல்லாம் இந்த இரண்டாவது வகை. பிறப்பை யாரும் மாற்ற முடியாது. பட்டத்தைப் பறிக்கலாம், வேறொருவருக்கு மாற்றலாம், யாருக்கும் கட்டாமல் வருடக்கணக்கில் இழுத்தடிக்கவும் செய்யலாம்.

அடுத்தவர் யார் என்பதில் ஐயமே இல்லாத நாட்டில் இந்தப் பட்டம் வெறும் மரியாதைப் பெயர். தம்பிக்கா, மகனுக்கா, மகள் வயிற்றுப் பேரனுக்கா, சகோதரி மகனுக்கா என்று நாலு பேர் உரிமை கொண்டாடக்கூடிய இடத்தில்தான் அதற்கு உயிர் வருகிறது. நம் தீவின் வரலாறு முழுக்க இந்த இரண்டாவது நிலைதான். அதனால் இங்கே இந்தப் பட்டத்தைச் சுற்றி நடந்த கொலையும் ஓட்டமும் பிரிவினையும் கொஞ்சமல்ல.

மகாவம்சத்தில் வரும் மகாநாகனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தேவநம்பியதீசன் அனுராதபுரத்தில் அரசன். அவன் தம்பி மகாநாகன் உபராஜா. கவனியுங்கள், அரசனுக்கு மகன் இருக்கும்போதே பட்டம் தம்பியிடம் இருக்கிறது. அரசிக்கு இது பொறுக்கவில்லை. தன் பிள்ளைக்குத்தான் நாடு வேண்டும் என்று நினைக்கிறாள். மகாநாகன் குளம் கட்டும் வேலையில் நின்றபோது, மாம்பழங்களை அனுப்பி, மேலே இருந்த பழத்தில் நஞ்சு வைக்கிறாள். ஆனால் அவளுடைய சின்ன மகன் சித்தப்பனோடு குளத்தடிக்குப் போயிருந்தான். பழப் பாத்திரத்தைத் திறந்ததும் மேலே இருந்ததை எடுத்துத் தின்றவன் அந்தப் பிள்ளைதான். மகாநாகன் தன் மனைவி, படை, பரிவாரத்தோடு உருகுணைக்குத் தப்பி ஓடுகிறான். அங்கே மாகமையில் தனி அரசு. அந்த வழியில் வந்தவர்கள்தான் காவன்தீசனும் அவன் மூத்த மகன் துட்டகைமுனுவும்.

மகாவம்சத்தில் உள்ளதையெல்லாம் அப்படியே நடந்தது என்று எடுக்க வேண்டாம். அது எழுதப்பட்டது அந்தச் சம்பவங்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி. ஆனாலும், அதை எழுதிய காலத்து மனிதர்கள் உபராஜா பட்டத்தை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. அரசியின் கணக்கைப் பாருங்கள். மகன் அரசனின் மகனாக இருப்பது மட்டும் போதாது, பட்டம் உள்ளவன் வழியிலிருந்து போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த உபராஜா அப்போது என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் பாருங்கள். அரண்மனையில் முறை வரட்டும் என்று காத்திருக்கவில்லை, வெயிலில் குளம் கட்டிக்கொண்டிருந்தான். உபராஜா என்பது வேலையோடு வரும் பதவி.

இதே கதையின் அடுத்த பகுதி நம் அம்பாறை மாவட்டத்தில் நடக்கிறது. காவன்தீசன் தன் இளைய மகன் தீசனைப் படையோடு அனுப்பி வைத்த இடம் தீகவாபி. தகப்பன் இறந்ததும் தீசன் தாயையும் கண்டுல யானையையும் கையில் எடுத்துக்கொண்டு தீகவாபிக்குத் திரும்பினான். அதிலிருந்துதான் அண்ணன் தம்பிச் சண்டை. சமாதானமான பிறகும் அவனை அனுப்பியது அதே தீகவாபிக்குத்தான், விதைப்பு வேலைகளைப் பார்க்க. துட்டகைமுனு மரணப் படுக்கையில் இருந்தபோது, கட்டி முடியாத பெரிய தூபியை முடிக்கச் சொல்லித் தம்பியை அழைப்பித்தது அங்கிருந்துதான். தீசன் வந்து, குறையாக நின்ற தூபியை வெள்ளைத் துணியால் மூடி, முடிந்ததுபோல் அண்ணனுக்குக் காட்டினான். துட்டகைமுனுவுக்குச் சாலி என்று ஒரு மகன் இருந்தான். அவன் அசோகமாலை என்ற தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்ணை விரும்பி மணந்தான். அரசு வேண்டாம் என்று விட்டான். அரியணை சத்தாதீசன் எனப்படும் அந்தத் தம்பி தீசனுக்கே போனது. இன்று நாம் நெல் விளைவிக்கும் இதே சமவெளிதான் அன்று அடுத்த அரசனாக வந்தவன் நிர்வாகம் பழகிய இடம்.

பிற்காலத்தில் அனுராதபுர அரசில் இது படிகளாக வளர்ந்தது. ஆதிபாதர், மகாதிபாதர், யுவராஜா என்று பெயர்கள். அண்ணனுக்குப் பின் தம்பிகள், தம்பிகள் முடிந்த பின் மூத்தவரின் மகன் என்பது பொதுவான முறை. அடுத்த வாரிசுக்குத் தக்கிணதேசம் என்ற தென்மேற்குப் பகுதியை ஆளக் கொடுப்பது வழக்கமானது. தமிழ்நாட்டிலும் இதே அமைப்பைக் காணலாம். மதுரையில் நெடுஞ்செழியன் இறந்த பிறகு, ஆட்சிக்கு வந்தவன் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த நமக்குப் பாண்டியன் விழுந்த இடம் தெரியும். அதற்குப் பிறகு மதுரை எப்படித் தொடர்ந்தது என்பதற்கு விடை அந்தக் கொற்கைதான். தலைநகரில் அரசன், துறைமுகத்தில் அடுத்தவன்.

சோழர்கள் இந்தப் பட்டத்தை நுட்பமாகக் கையாண்டவர்கள். முதலாம் இராசராசன் 1014 வரை இருந்தான். ஆனால் 1012இலேயே மகன் இராசேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டான். இராசேந்திரனின் கல்வெட்டுகள் அவன் ஆட்சியாண்டை 1012இலிருந்து எண்ணுகின்றன. அதாவது பட்டம் கட்டிய நாளே ஆட்சி தொடங்கிய நாள். இரண்டு வருடம் சோழ நாட்டில் இரண்டு அரசர்கள், சண்டையில்லாமல். இராசேந்திரனும் அதையே செய்தான். 1018இல் இராசாதிராசனுக்குக் கட்டினான். தகப்பனும் மகனுமாக 1044 வரை சேர்ந்தே ஆண்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பழகிய ஒருவர் அரியணையில் ஏறும்போது நாட்டில் ஒரு சலசலப்பும் இருக்காது.

பட்டம் கிடைக்காத மற்றப் பிள்ளைகளையும் சோழர்கள் சும்மா விடவில்லை. பிடித்த நாடுகளை ஆள அனுப்பினார்கள், அந்த நாட்டின் பெயரோடு பட்டமும் கொடுத்தார்கள். மதுரையில் சோழபாண்டியன். நம் தீவில் சோழ இலங்கேஸ்வரன். கந்தளாயிலும் மானாங்கேணியிலும் கிடைத்த கல்வெட்டுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. இவர்கள் பிறப்பால் இளவரசர்கள், பதவியால் மாகாண ஆளுநர்கள், ஆனால் பட்டத்து இளவரசர்கள் இல்லை. பரீட்சை விடையில் பிள்ளைகள் அடிக்கடி குழப்பும் இடம் இது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1054இல் கொப்பம் போரில் இராசாதிராசன் யானை மேலேயே இறந்தான். படை கலையத் தொடங்கியது. அப்போது அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடிப் படையைத் திருப்பி நிறுத்தினான். இராசாதிராசனுக்கு மக்கள் இருந்தார்கள். ஆனாலும் அடுத்தவர் தம்பி என்பது முன்பே தீர்மானம். அந்தத் தீர்மானம் இல்லாமல் இருந்திருந்தால் களத்தில் யார் யாருக்கு முடி சூட்டுவது? பட்டம் எதற்கு என்று கேட்டால் நான் காட்டுவது அந்தக் களத்தைத்தான்.

இனி, இந்தப் பட்டம் ஒரு நாட்டையே கவிழ்த்த கதை. கோட்டை இராச்சியம். 1521இல் அரசன் விஜயபாகு, மூத்த தாரத்துப் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு வேறொரு பிள்ளையை வாரிசாக்கப் பார்க்கிறான் என்று மூன்று மகன்களும் கிளம்பினார்கள். தகப்பன் கொல்லப்பட்டான். நாடு கோட்டை, சீதாவாக்கை, இறைகம என மூன்றாகப் பிரிந்தது. மூத்தவன் ஏழாம் புவனேகபாகு கோட்டையில். அவனுக்கு மகன் இல்லை, ஒரு மகள் மட்டும். பழைய முறைப்படி பார்த்தால் அடுத்தவர் தம்பி, சீதாவாக்கையின் மாயாதுன்னை. அவனும் அப்படித்தான் எதிர்பார்த்திருந்தான். புவனேகபாகுவோ மகள் வயிற்றுப் பேரன் தர்மபாலனை வாரிசாக்க நினைத்தான்.

உள்ளூரில் அதை ஏற்கவைப்பது கஷ்டம். அப்போது அவன் செய்த காரியத்தைப் பாருங்கள். பேரனைப் போல் ஒரு பொற்சிலை செய்வித்து, தந்தப் பேழையோடு தூதரிடம் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் போர்த்துக்கல் அரசன் மூன்றாம் ஜோவான் அந்தச் சிலையின் தலையில் முடி வைத்தான். பிள்ளை இங்கே கோட்டையில், முடிசூட்டு விழா கடல் தாண்டி. அந்தப் பேழை இப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. முடி சூட்டும் காட்சி அதன் பக்கத்திலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. நம் தீவின் வாரிசுச் சண்டை ஒன்றுக்குக் கையால் தொடக்கூடிய சாட்சி அது.

விளைவு என்ன? உள்ளூர்ச் சபை கட்டவேண்டிய பட்டத்தை வெளியார் கட்டினார்கள். அதனால் அந்த வாரிசைக் காப்பாற்றும் உரிமையும் வெளியாருக்கே போனது. 1551இல் புவனேகபாகு களனியில் சுடப்பட்டு இறந்தான். தர்மபாலன் போர்த்துக்கேயர் கையில் வளர்ந்து, 1557இல் கிறிஸ்தவனாகி, 1580இல் நாட்டையே போர்த்துக்கல் அரசனுக்கு எழுதிக்கொடுத்தான். 1597இல் அவன் இறந்தபோது போர்த்துக்கேயர் அந்த எழுத்து உறுதியைக் காட்டித்தான் உரிமை கோரினார்கள். பீரங்கியை மட்டும் காரணமாகச் சொல்வோர் இந்த வாரிசுப் பட்டத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

கண்டியிலும் இதே நோய் வேறு உருவில். 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபோது, அவனுக்கு உள்ளூர்ப் பெருங்குடிப் பெண் ஒருத்தியிடம் பிறந்த உனம்புவே என்ற மகன் இருந்தான். அரசகுலத் தாய் இல்லை என்று அவனை ஒதுக்கி, பட்டத்தரசியின் சகோதரனை, மதுரையிலிருந்து வந்தவரை, அரசனாக்கினார்கள். 1747இலும் அரசியின் சகோதரன்தான். 1798இல் இராஜாதி ராஜசிங்கன் வாரிசு சொல்லாமல் இறக்க, பிலிமத்தலாவை என்ற முதன்மந்திரி தன் விருப்பப்படி கண்ணுசாமியைத் தேர்ந்தார். உரிமை கேட்ட முத்துசாமி ஆங்கிலேயரிடம் ஓடினார். 1803 கண்டிப் போருக்கு அந்த வழக்கு ஒரு சாக்கு.

இப்போதைய நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரித்தானியாவில் வேல்ஸ் இளவரசர் என்பது தானாக வருவதில்லை, அரசர் கொடுக்கவேண்டும். சார்ள்ஸ் 2022இல் அரசரானதற்கு அடுத்த நாளே வில்லியத்துக்கு அதைக் கொடுத்தார். இரண்டாம் எலிசபெத்துக்கு அந்தப் பட்டம் ஒருபோதும் இருக்கவில்லை. அவர் வாரிசாக இருந்த காலத்தில், தகப்பனுக்கு இனி ஒரு ஆண்பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைதான் முந்தும். ஆக, யாராலும் முந்த முடியாத வாரிசு என்றும், இப்போதைக்கு முதலில் நிற்கும் வாரிசு என்றும் இரண்டு வகை உண்டு. ஜப்பானில் இப்போதைய பேரரசரின் தம்பி இரண்டாவது வகை.

மத்திய கிழக்கு நாடுகளில் வேறு மாதிரி. காத்தான்குடியிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் அங்கே வேலைக்குப் போனவர்களுக்கு இது நேரே தெரியும். ஜோர்தானில் மன்னர் ஹுசைனின் தம்பி ஹசன் 1965 முதல் முடிக்குரிய இளவரசர். 1999இல், மன்னர் இறப்பதற்குச் சில நாட்கள் முன் அந்தப் பட்டம் மகன் அப்துல்லாவுக்கு மாற்றப்பட்டது. சவூதியில் மன்னர் அப்துல் அஸீஸ் 1953இல் இறந்த பிறகு இன்றுவரை ஆண்ட அனைவரும் அவரின் மக்கள், அண்ணனுக்குப் பின் தம்பியாக. 2017இல் மன்னர் சல்மான் பட்டத்தைத் தன் அண்ணன் மகனிடமிருந்து எடுத்துத் தன் மகனுக்குக் கொடுத்தார். செய்தியில் முடிக்குரிய இளவரசர் என்று வந்தால், அவர் மன்னரின் மகன் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

சரி, உங்கள் மூன்றாவது கேள்வி.

தாய்வழி பார்க்கும் நாட்டில் அரசர் இருந்தால் அடுத்தவர் யார் என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு திருவிதாங்கூர். அங்கே அரசரின் வாரிசு அவர் சகோதரியின் மகன். அவருக்கு இளையராஜா என்று பட்டம். அரசரின் சொந்த மகன்கள் தம்பி என்றும், மகள்கள் தங்கச்சி என்றும் அழைக்கப்பட்டார்கள். அரண்மனையில் வளர்ந்தாலும் அவர்கள் தாயின் வீட்டுப் பிள்ளைகள், அரச குடும்பத்தார் அல்லர். 1729இல் மார்த்தாண்ட வர்மர் மாமனுக்குப் பின் அரசரானபோது, மாமனின் மகன்கள் பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் எங்களுக்கே உரிமை என்று எதிர்த்தார்கள். இருவரும் அதில் உயிரிழந்தார்கள்.

மட்டக்களப்பில் அப்படி முடிசூடிய பெரிய அரசு நீடித்து நிற்கவில்லை. இங்கே இருந்தது வன்னிமைகள் என்ற சிறு ஆட்சிப் பிரிவுகள். மண்முனை, எருவில், போரதீவு, சம்மாந்துறை, நாடுகாடு என்று பிரிவுகள், அவற்றின் தலைவர்கள் வன்னியனார்கள், கீழே ஊர்ப்பெரியவர்களான ஊர்ப்போடிகள். கண்டி அரசருக்குக் கட்டுப்பட்டும், கடல்வழி வந்தவர்களோடு பேசியும் நடந்தவர்கள். அந்தப் பதவிகளும் கோயில் உரிமைகளும் இறங்கிய வழி தாய்வழி. மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு.

காரணம் குடிமுறையிலேயே, அதாவது தாய்வழிக் குலப் பிரிவிலேயே இருக்கிறது. நம்மில் ஒருவர் தன் தாயின் குடி. உலகிப்போடி குடியாகட்டும், காலிங்கா குடியாகட்டும், படையாண்ட குடியாகட்டும், குடி பெண்வழியாகத்தான் இறங்கும். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. ஆகவே ஒருவரின் மகன் ஒருநாளும் அவரின் குடியாக இருக்கமாட்டான், அவன் மனைவியின் குடி. பதவி ஒரு குடிக்கு உரியது என்றால் அது மகனுக்குப் போனவுடன் அடுத்த குடியின் கைக்குப் போய்விடும். குடிக்குள் நிற்க வேண்டுமானால் தம்பிக்கோ சகோதரி மகனுக்கோதான் போகவேண்டும். நம் முஸ்லிம் சகோதரர்களிடமும் இதே குடிமுறைதான். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் பதவி குடிக்கு உரியது என்பதும் இதே கணக்குத்தான்.

காணியிலும் இந்த முறை இருந்தது. முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, தாய்வழி இறங்கும் என்ற முக்குவர் சமூகத்து வழக்கை ஒல்லாந்தர் கால நீதிமன்றமும் பின்னர் ஆங்கிலேயர் நீதிமன்றமும் ஏற்றிருந்தன. 1876இல் வந்த வழியுரிமைச் சட்டம் அதை முடித்துவைத்தது. காணி அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு நேராக இறங்கியது. கோயிலில் மட்டும் பழைய வழி நிலைத்துவிட்டது.

அதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர், திருக்கோவில் சித்திரவேலாயுதர் போன்ற தேசத்துக் கோயில்களில், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் நிற்கும் நேரம் போய் நில்லுங்கள். பூசை முடிந்து முன்னீட்டு வரிசை, அதாவது குடிகளுக்கான மரியாதை வரிசை, வரும்போது, குடியைச் சொல்லித்தான் அழைப்பார்கள். ஒரு குடியின் பெயர் சொன்னதும் முன்னே போவது அந்தக் குடிப் பெரியவர். அவர் மகன் அங்கேயே கூட்டத்தில் நிற்பான், தன் தாயின் குடிக்கு அழைப்பு வரும்வரை. சகோதரி மகன் மாமனுக்குப் பக்கத்தில் நிற்பான். மாமன் இல்லாத வருடம் அவன்தான் கை நீட்டி வாங்குவான்.

ஆனபடியால், விடை எழுதும்போது வன்னியனாரின் வாரிசை இளவரசர் என்று எழுத வேண்டாம். அவர்கள் முடிசூடிய அரசர்கள் இல்லை, அந்தச் சொல் அவர்களுக்குப் பொருந்தாது. மருமகன் வழி உரிமை என்று எழுதுங்கள், ஏன் மகனுக்குப் போகவில்லை என்பதைக் குடிமுறையோடு ஒரு வரியில் விளக்குங்கள். அனுராதபுரத்துக்கு உபராஜா, சோழருக்கு இளவரசுப் பட்டம், திருவிதாங்கூருக்கு இளையராஜா, இன்றைய நாடுகளுக்கு முடிக்குரிய இளவரசர் என்று அந்தந்த இடத்துப் பெயரையே வையுங்கள்.

மறுகா, ஒரு வேலை செய்து பாருங்கள். இப்போது பல கோயில்களில் வண்ணக்கரைக் குடி கூடித் தெரிவு செய்கிறார்கள். ஆனால் பழைய பெயர்களை மூத்தவர்கள் மறக்கவில்லை. உங்கள் குடியில் இப்போது இருப்பவருக்கு முன் இருந்த மூன்று பேரின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் ஒருவருக்கு ஒருவர் என்ன முறை என்று பக்கத்தில் குறியுங்கள். அந்த நாலு பெயரில் தகப்பனும் மகனுமாக இரண்டு பேர் அடுத்தடுத்து வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அது எப்படி நடந்தது என்று கட்டாயம் விசாரிக்க வேண்டிய சங்கதி.